மேற்கின் சாத்தான், துருக்கியின் நாற்காலி: இலக்கியத்தில் தீமை பற்றி ஓர் இழை

#1 மழைக்காகம்

துருக்கிய எழுத்தாளர் யாஷர் கெமாலின் 'இன்ஜே மெமெத்' நாவலை முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். 1955இல் வந்த அந்தப் பாகம் தன்னளவில் முடிந்துபோகிற கதைதான். தாரஸ் மலையடிவாரத்தில் ஐந்து கிராமங்கள், ஐந்துக்கும் ஒரே எசமான் அப்தி அகா. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு அவனுக்குப் போய்விடும். முறைத்துக்கொண்டவர்களிடம் அதற்கு மேலும் பிடுங்குவான். சிறுவன் மெமெத் அடிபடுகிறான், ஓடிப்போகிறான், கொள்ளைக்காரனாகிறான், காதலியை இழக்கிறான், கடைசியில் அப்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டு மலைக்குள் மறைகிறான். ஊர் முட்காட்டைக் கொளுத்திக் கொண்டாடுகிறது. சுபம்.

யாஷர் கெமால் இரண்டாம் பாகம் எழுதியது 1969இல். அதில் அப்தி இருந்த இடத்தில் அவன் குடும்பத்து ஆளான மொட்டை ஹம்சா வந்து உட்கார்ந்திருக்கிறான். அப்தியே பரவாயில்லை என்று ஊர் ஏங்கும் அளவுக்குக் கொடுமை. மெமெத்தைக் குடைவது ஒரே கேள்விதான்: ஒருத்தன் போனால் இன்னொருத்தன் வருவான் என்றால் நான் எதற்குக் கொன்றேன்?

நான் சொல்ல வருவது இது. மேற்கத்திய இலக்கியத்தில் தீமை என்றால் அது ஓர் ஆள். மில்டனின் சாத்தான், கோதேயின் மெஃபிஸ்டோ, ஷேக்ஸ்பியரின் இயாகோ. அந்த ஆளுக்கு நல்ல குரல் இருக்கும், தனிமை இருக்கும், சமயத்தில் நாயகனைவிட நல்ல வசனமும் இருக்கும். மில்டன் தன்னை அறியாமலே சாத்தான் கட்சிக்காரராக இருந்தார் என்று பிளேக் எழுதியது சும்மா இல்லை. துருக்கிய நாவலில் தீமை ஒரு நாற்காலி. யார் உட்கார்ந்தாலும் அதே வேலைதான் நடக்கும். அப்தியின் மன ஆழத்துக்குள் போக கெமால் மெனக்கெடுவதே இல்லை. அங்கே ஆழம் ஒன்றும் கிடையாது, நிலம்தான் இருக்கிறது.

ஒத்துக்கொள்கிறவர்கள், அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் வரலாம்.

#2 கோதை

காகம் சார், நாற்காலி வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் மில்டனை இழுத்தது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

'இழந்த சொர்க்கம்' முதல் காண்டத்தை எடுத்துப் பாருங்கள். விழுந்து கிடக்கும் தேவதூதர்களை ஈட்டியை ஆட்டி வழிநடத்தும் இடத்தில் சாத்தானை மில்டன் 'பெரிய சுல்தான்' என்கிறார். பத்தாம் காண்டத்தில் நரகத்தின் ஆலோசனை சபைக்கு 'திவான்' என்று பெயர். காவியம் வந்தது 1667இல். கிரீட் தீவுக்காக வெனிஸும் சுல்தானும் அப்போது இருபது வருடத்துக்கு மேலாக மோதிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் அச்சிட்ட செய்தித்தாள் வாசிக்கிற ஒருவனுக்கு 'சுல்தான்' என்ற சொல் எந்தப் பயத்தை எழுப்பும் என்று மில்டனுக்குத் தெரியாதா என்ன? மேற்கின் ஆகப் பெரிய தனிமனித சாத்தானும் ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அது ஒட்டோமான் நாற்காலி.

இயாகோவுக்கு வருவோம். 'ஒத்தெல்லோ' நாடகத்தின் முதல் அங்கம் முழுக்க ஒரே பரபரப்பு: துருக்கியக் கப்பற்படை சைப்ரஸ் மீது வருகிறது. இரண்டாம் அங்கம் தொடங்கியதுமே புயலில் படை சிதறிப்போய்விட்டது என்று செய்தி. அவ்வளவுதான், ஒரு துருக்கியன்கூட மேடைக்கு வருவதில்லை. எதிரி வருவான் என்று எல்லோரும் கோட்டையில் காத்திருக்க, அழிவு வெனிஸிலிருந்து கூடவே கப்பலேறி வந்த ஒரு கீழ்நிலை அதிகாரியின் வாயிலிருந்து வருகிறது. குடித்துவிட்டுச் சண்டை போடும் தன் ஆட்களைப் பார்த்து ஒத்தெல்லோ, நாமே துருக்கியராகிவிட்டோமா என்று கத்துகிறான். கடைசியில் தன்னைக் குத்திக்கொள்ளும்போது அவன் சொல்லும் கதையும் அலெப்போவில் தான் குத்திக் கொன்ற ஒரு தலைப்பாகைத் துருக்கியனைப் பற்றியதுதான். அந்தக் கத்தியால் தன்னையே இரண்டாவது துருக்கியனாக்கிக் கொல்கிறான்.

ஆக, மேற்கு, துருக்கி என்று இரண்டு தனித்தனிப் பெட்டிகளை வைத்து இதைப் பேச முடியாது. ஒரு பெட்டிக்குள் தீமைக்கு மாட்டிய உடுப்பே இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்ததுதான்.

#3 பழுப்புத்தாள்

கோதை அக்கா சொன்னதற்கு இன்னொரு சாட்சி. தஸ்தயேவ்ஸ்கியை மேற்கில் சேர்க்கலாமா என்பது முடியாத சண்டை, அதற்குள் போகவில்லை. 'கரமசோவ் சகோதரர்க'ளில் இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் உலகத்தின் கொடுமைகளை அடுக்குகிற அத்தியாயம் நினைவிருக்கும். முதலில் வருவது பல்கேரியாவில் துருக்கியர்கள் செய்தவை. கைக்குழந்தையிடம் துப்பாக்கியைக் காட்டிச் சிரிக்கவைத்து, சிரிக்கும்போதே சுடுகிற கதை. 1876 எழுச்சியை ஒட்டி வந்த செய்திகள் அவர் காதில் இன்னும் ஓயாத காலம்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் அது பத்திரிகைக் கட்டுரை. இவான் நிறுத்தவில்லை. அடுத்து, படுக்கையை நனைத்த மகளைக் குளிரில் கழிப்பறையில் பூட்டிவைத்த ரஷ்யப் பெற்றோர். அதற்கடுத்து, பண்ணைச் சிறுவனை வேட்டைநாய்களை ஏவிக் கிழிக்கவைத்த ரஷ்ய ஜெனரல். அந்த ஜெனரல் அப்படியே ஓர் அப்தி அகா! பிற்பாடு இவானைப் பார்க்க வரும் பிசாசு வெளுத்துப்போன கோட்டு போட்ட, வசதி குறைந்த ஒரு ரஷ்யக் கனவான். கொம்பும் இல்லை, தலைப்பாகையும் இல்லை.

தஸ்தயேவ்ஸ்கி துருக்கியனில் தொடங்கி சொந்த வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்.

#4 காத்தான்குடிப் பிறை

இந்த இழையில் ஒருவரும் இஸ்லாமிய மரபின் சாத்தானான இப்லீஸைப் பற்றிக் கதைக்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. துருக்கிய இலக்கியத்துக்குப் பின்னால் நிற்கிற சாத்தான் மில்டனுடைய சாத்தான் இல்லை.

ஆதமுக்குச் சிரம் பணியும்படி கட்டளை வந்தது. நான் நெருப்பால் ஆனவன், அவன் களிமண் என்று இப்லீஸ் மறுத்தான். விரட்டப்பட்டான். கியாமத் நாள் (இறுதித் தீர்ப்பு நாள்) வரை அவகாசம் கேட்டான், கிடைத்தது. அவனிடம் படையில்லை, கோட்டையில்லை. காதில் ஊதுவது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த தொழில். கேட்கிறதும் விடுகிறதும் மனிதனின் பாடு. அதோடு, சூஃபிகளில் ஒரு சாரார் அவனைத் தோற்றுப்போன காதலனாகப் பார்த்தார்கள். 922இல் பக்தாதில் கொல்லப்பட்ட ஹல்லாஜ் எழுதியதைப் பார்த்தால், இறைவனைத் தவிர வேறு யாருக்கும் தலைவணங்க மாட்டேன் என்று நின்றதற்காகத் தண்டனை பெற்றவன் இப்லீஸ்.

கொன்யாவில் இருந்து பாரசீகத்தில் எழுதிய ரூமியின் மஸ்னவி, இரண்டாம் பாகத்தில் ஒரு கதை. கலீபா முஆவியா தூங்கிக்கொண்டிருக்கிறார். யாரோ வந்து தொழுகைக்கு எழுப்புகிறார்கள். பார்த்தால் இப்லீஸ். நீ எதற்கு என்னை எழுப்புகிறாய் என்று முஆவியா விடாமல் குடைய, கடைசியில் உண்மை வருகிறது. தொழுகை தவறியிருந்தால் நீர் மனம் உடைந்து அழுதிருப்பீர், அந்த அழுகைக்கு இருநூறு தொழுகையின் பெறுமதி இருந்திருக்கும், அதைத் தடுக்கத்தான் எழுப்பினேன் என்கிறான்.

நல்ல காரியத்துக்குள் ஒளிந்திருக்கிற கெடுதி. இதற்கு நாற்காலியும் தேவையில்லை, சுல்தான் உடுப்பும் தேவையில்லை.

ஓர்ஹான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' (ஜி. குப்புசாமியின் தமிழாக்கம் இருக்கிறது) நாவலில் காபிக்கடைக் கதைசொல்லி சாத்தானின் குரலில் பேசுகிற அத்தியாயம் நேராக இந்த மரபிலிருந்து வருவது. கதை 1591இல் இஸ்தான்புல்லில் நடக்கிறது. மனிதனின் முகத்தை நடுவில் வைத்து வரைகிற பிராங்கியர் (ஐரோப்பியர்) பாணி சாத்தானின் வேலை என்று பிரசங்கிகள் ஏசுகிறார்கள். மனிதனுக்குத் தலைவணங்க மறுத்ததால் துரத்தப்பட்டவன் நான், மனிதனை நடுவில் வைக்கச் சொல்லி நானா தூண்டுவேன் என்று அவன் கேட்பது எவ்வளவு சரியான கேள்வி!

#5 மழைக்காகம்

பிறை, அருமை. ஆனால் பாமுக்கின் சாத்தான் சிரிக்கவைக்கிறான், பயமுறுத்தவில்லை. அந்த நாவலில் உண்மையான தீமை கொலைகாரன். அவன் மூன்று ஓவியர்களில் ஒருவன். தன் பெயரில் ஒரு குரலிலும் கொலைகாரனாக இன்னொரு குரலிலும் பேசுகிறான், பக்கத்துக்குப் பக்கம் தேடினாலும் எந்தக் குரல் யாருடையது என்று எளிதில் பிடிபடாது. பாணியை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அங்கே துப்பறிதல்.

நீங்கள் சொன்ன 'காதில் ஊதுகிறவன்' கோட்டை நேராகப் பிடித்துச் சண்டைக்குப் போனவர் சபாஹத்தின் அலி. 1940இல் வந்த 'நமக்குள் இருக்கும் சாத்தான்'. கதாநாயகன் ஓமர் தபால் அலுவலகத்தில் பெயருக்கு வேலை பார்க்கிறவன். தன்னிடம் நம்பி ரகசியம் சொன்ன வயதான காசாளரையே மிரட்டிப் பணம் பறிக்கிறான். ஒவ்வொரு அசிங்கத்துக்குப் பிறகும், எனக்குள் ஒரு சாத்தான் இருக்கிறது, அதுதான் செய்யவைக்கிறது என்பான். நாவலின் முடிவில் அவனே உடைத்துச் சொல்லிவிடுகிறான்: உள்ளே சாத்தானும் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தது கையாலாகாத்தனமும் சோம்பலும், எல்லாவற்றையும்விட மோசமாக, உண்மையைப் பார்க்காமல் ஓடுகிற பழக்கமும்தான்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது, ஓமர் மேல். சாத்தான் பாவம் என்று தோன்றவைத்த ஒரே நாவல் இது.

அதே நாவலில் ஓமரைச் சுற்றி இருக்கிற இனவாத அறிவுஜீவிக் கும்பலைப் பார்த்துவிட்டு, அது தன்னைப் பற்றியது என்று கொதித்துப்போன தேசியவாத எழுத்தாளர் நிஹால் அத்ஸிஸ் பதிலுக்கு ஒரு துண்டுநூல் போட்டார். 'நமக்குள் இருக்கும் சாத்தான்கள்' என்று தலைப்பையே பன்மையாக்கி. எட்டு வருடம் கழித்து, 1948இல், பல்கேரிய எல்லையைத் தாண்ட முயன்ற சபாஹத்தின் அலி கொல்லப்பட்டார். கொன்றவன் தேசிய உணர்வில் செய்தேன் என்றான். குறைந்த தண்டனை கொடுத்து, பொதுமன்னிப்பில் அதையும் முடித்து அனுப்பினார்கள்.

#6 நள்ளிரவுக் காட்சி

நான் உங்கள் அளவுக்குக் கனமான ஆள் இல்லை. ஆனால் மேற்கும் துருக்கியும் தீமையை மாற்றிக்கொண்டதற்கு என் கையில் ஒரு சரக்கு இருக்கிறது: இஸ்தான்புல்லில் டிராகுலா.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897. 1928இல் அலி ரிஸா செய்ஃபி என்பவர் துருக்கியில் 'கசிக்லி வோய்வோதா' (கழுவேற்றும் சிற்றரசன்) என்று ஒரு நாவல் வெளியிட்டார். ஸ்டோக்கர் பெயரே இல்லை. ஆனால் கதை அதேதான். லண்டன் இருந்த இடத்தில் இஸ்தான்புல், ஜொனாதன் ஹார்க்கர் இருந்த இடத்தில் அஸ்மி, மினா இருந்த இடத்தில் குஸின், வான் ஹெல்சிங் இருந்த இடத்தில் டாக்டர் ரெசூஹி. இப்போதுதான் வேடிக்கை. ஸ்டோக்கரில் டிராகுலா தன் குலப்பெருமை பேசும் இடத்தில், டான்யூபைத் தாண்டிப் போய்த் துருக்கியனை அவன் மண்ணிலேயே அடித்தவன் என் வம்சத்தான் என்று மார்தட்டுவான். ஆங்கில வாசகனுக்கு அது அந்தக் கிழப்பிசாசின் ஒரே கௌரவமான பழங்கதை. துருக்கிய வாசகனுக்கு? அந்த வோய்வோதா பள்ளிப் பாடத்தில் வரும் எதிரி. சிறுவயதில் ஒட்டோமான் அரசவையில் பிணையாக வளர்ந்த வ்லாத். 1462இல் இரண்டாம் மெஹ்மெத் படையோடு போனபோது கழுமரக் காட்டைக் காட்டி வரவேற்றவன். ஸ்டோக்கரில் பெருமையாக வந்த விஷயம் செய்ஃபியில் அவன்மேல் போடும் முதல் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. அவனை எதிர்க்கிற ஆட்களும் விடுதலைப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய தேசபக்தர்கள். இரத்தக்காட்டேரி வேட்டை என்பது போரின் மிச்ச வேலை மாதிரி.

சிலுவைக்கு அங்கே வேலை இல்லை. அதன் இடத்தில் குர்ஆன். 1953இல் இதைப் படமாக்கினார்கள், 'திராகுலா இஸ்தான்புல்தா'. இயக்கம் மெஹ்மெத் முஹ்தார், காட்டேரியாக அதிஃப் கப்தான். படத்தில் பெரிய ஆயுதம் பூண்டு. குஸின் மேடை நடனக்காரி. காட்டேரிக்குக் கோரைப்பல் நீட்டிவிட்டதில் ஹாலிவுட்டின் 1931 படத்தைவிட இது ஒரு படி மேலே. அதில் டிராகுலாவாக நடித்த லுகோசிக்குப் பல்லே தெரியாது.

படம் பயமாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடிக்கும்.

#7 கோதை

நள்ளிரவு, உங்கள் கழுமரத்தை நான் இன்னொரு பக்கம் திருப்புகிறேன். இவோ ஆந்திரிச்சின் 'திரினா நதிப் பாலம்' (1945). போஸ்னியாவின் விஷெக்ராதில் ஒட்டோமான் வஜீர் சோகொலோவிச் பாஷா கட்டுகிற பாலத்தை இரவில் வந்து குலைத்த ராதிஸாவ் என்ற குடியானவனைப் பிடித்து, கண்காணிப்பாளன் அபிதகா கழுவேற்றச் சொல்கிறான். பக்கம் பக்கமாக வரும் அந்தக் காட்சியைப் படித்தவர்களால் மறக்க முடியாது. கழு எப்படிச் சீவப்படுகிறது, எந்த உறுப்பையும் துளைக்காமல் எப்படி ஏற்றுகிறார்கள், ஆள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறான்.

துருக்கியர் நினைவில் கழுவேற்றுகிறவன் வ்லாத். பால்கன் நினைவில் கழுவேற்றுகிறவன் துருக்கியன். ஒரே மரத்துண்டு.

ஆந்திரிச் கெட்டிக்காரர். அபிதகாவுக்கு அடுத்து வருகிற ஆரிஃப் பேக் நேர்மையானவன், கூலியை ஒழுங்காகக் கொடுக்கிறான், வேலை அமைதியாக நடக்கிறது. இது காகம் சாரின் நாற்காலிக் கோட்பாட்டுக்கு நேர் எதிர். நாற்காலி அதேதான், ஆள் மாறினதும் எல்லாம் மாறிவிட்டது.

#8 மழைக்காகம்

ஆரிஃப் பேக் வந்தபோதும் பாலம் பாஷாவுக்காகத்தான் கட்டப்படுகிறது. கழு மட்டும்தான் போயிருக்கிறது.

#9 பழுப்புத்தாள்

எல்லாம் சரி. இத்தனை பதிவு ஓடிவிட்டது, ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களை நாடுகடத்திக் கொன்ற 1915 பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. துருக்கியில் தீமை எப்படி எழுதப்பட்டது என்று பேசுகிறோம், ஆர்மீனியர்களுக்கு நடந்ததைத் துருக்கிய நாவல் எத்தனை காலம் தொடவே இல்லை என்பதைப் பேசாமல் இருந்தால் எப்படி?

அதை எழுதியவர் பிராகில் பிறந்த ஃபிரான்ஸ் வெர்ஃபல். 'மூசா மலையின் நாற்பது நாட்கள்', 1933. அதில் ஜெர்மானியப் பாதிரி லெப்சியஸ் போர் அமைச்சர் என்வர் பாஷாவைச் சந்தித்து, நிறுத்துங்கள் என்று மன்றாடுகிற அத்தியாயம். 1915இல் உண்மையிலேயே நடந்த சந்திப்பு அது. வெர்ஃபலின் என்வர் அரக்கன் கிடையாது. அழகன், இளைஞன், கூச்சம்கூடத் தெரிகிறது, பேச்சில் அப்படி ஒரு மரியாதை. லெப்சியஸை உறையவைப்பது, அந்த முகத்தில் குற்றவுணர்வு என்ற ஒன்று எட்டிப் பார்க்கவே இல்லை என்பது. நாஜி அதிகாரி ஐக்மன் வழக்கைப் பார்த்து, தீமை எவ்வளவு சாதாரணமான முகத்தோடு வரும் என்று ஹன்னா அரெண்ட் எழுதியது 1963இல். அதற்கு முப்பது வருடம் முன்னாலேயே இது இருக்கிறது.

அடுத்து நடந்ததும் கதைதான். நாஜி ஜெர்மனியில் நாவல் தடை. ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். படமெடுக்கப் போனபோது துருக்கி அரசு அமெரிக்காவரை அழுத்தம் கொடுத்து நிறுத்தியது.

அப்தி அகாவைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுத முடிந்த இலக்கியத்துக்கு என்வரைப் பற்றி எழுத முடியவில்லையே, ஏன்? அகா கிராமத்துக் கெட்டவன், குடியரசின் எதிரி, அவனைத் திட்டினால் அங்காராவில் கைதட்டுவார்கள். இது என் கணிப்பு.

#10 மட்டுறுத்துனர்

இலக்கியத்தோடு சேர்த்துப் பேசும்வரை 1915 இந்த இழையில் இருக்கட்டும். எண்ணிக்கைச் சண்டை, நாட்டுச் சண்டை வேறு இடத்தில்.

#11 காத்தான்குடிப் பிறை

பழுப்புத்தாள், கேள்வி நியாயம். ஆனால் 'அகாவைத் திட்டினால் கைதட்டுவார்கள்' என்பதை ஏற்க மாட்டேன். யாஷர் கெமால் கைதட்டு வாங்கி வாழ்ந்த மனிதர் இல்லை. குர்துக் குடும்பத்தில் பிறந்தவர், ஐந்து வயதுப் பிள்ளையாக, பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த தகப்பன் குத்துப்பட்டுச் செத்ததைப் பார்த்தவர், எழுத்துக்காகவும் அரசியலுக்காகவும் வழக்கும் சிறையும் கண்டவர். கிரேக்கர்கள் வெளியேற்றப்பட்டதைப் பற்றி அவர் பிற்காலத்தில் நான்கு பாகத்தில் ஒரு தீவின் கதை எழுதினார், அதையும் கணக்கில் எடுங்கள்.

மௌனத்துக்கு விலை இருந்தது, பேச்சுக்கும் இருந்தது. 2005இல் பாமுக் மேல் வழக்குப் போட்டது ஆர்மீனியரைப் பற்றி ஒரு பேட்டியில் சொன்னதற்கு. அடுத்த வருடம் எலிஃப் ஷஃபாக் மேல் போட்டது நாவலில் ஒரு பாத்திரம் பேசிய வசனத்துக்கு! கற்பனைப் பாத்திரம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லாத குறை. இரண்டு வழக்கும் நிற்கவில்லை. ஆனால் 2004இல் ஃபெத்தியே செத்தின் என்பவர் எழுதிய 'என் பாட்டி' வெளிவந்தது, நாவல் இல்லை, தன் பாட்டி ஆர்மீனியப் பெண்ணாகப் பிறந்தவர் என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்ட பேத்தியின் நினைவுக்குறிப்பு. அதில் என்வர் மாதிரி ஆள்கள் முன்னால் வருவதே இல்லை. தாயின் கையிலிருந்து குதிரை மேல் தூக்கிப் போகப்பட்ட ஒரு சிறுமி இருக்கிறாள். அவளை எடுத்து வளர்த்ததும் துருக்கிய வீடுதான். அந்த வீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை.

#12 சோம்பல் வாசகர்

வந்தனம். கொஞ்சம் லேசான காற்று வரட்டும். 'தீமை ஏன் இருக்கிறது' என்ற கேள்விக்கு மேற்கு பதில் தேடிப் போன இடமே இஸ்தான்புல் என்பது இங்கே யாருக்கும் நினைவில்லையா?

வோல்த்தேரின் 'காந்தீத்', 1759. லிஸ்பன் நிலநடுக்கம் நடந்து நான்கு வருடம்தான் ஆகிறது. கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் அடிபட்டு உதைபட்டு மர்மரா கடலோரம் ஒரு சின்னப் பண்ணையில் வந்து சேர்கிறார்கள். பக்கத்தில் துருக்கியிலேயே பெரிய ஞானி என்று பெயர் வாங்கிய தர்வேஷ். பூமியில் இவ்வளவு தீமை ஏன் என்று கேட்கிறார்கள். தீமை இருந்தால் என்ன, நன்மை இருந்தால் என்ன, சுல்தான் எகிப்துக்குக் கப்பல் அனுப்பும்போது அதற்குள் இருக்கும் எலிகள் சௌகரியமாக இருக்கின்றனவா என்று கவலைப்படுகிறாரா என்கிறார். காந்தீத்தின் ஆசான் பாங்லோஸ் மேற்கொண்டு தத்துவம் பேச வாயெடுத்ததும் முகத்திலேயே கதவைச் சாத்துகிறார்.

திரும்பும் வழியில் ஆரஞ்சு மரத்தடியில் ஒரு கிழவர். தலைநகரில் இரண்டு வஜீர்களையும் முஃப்தியையும் கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறார்கள், அவருக்கு அந்த முஃப்தியின் பெயர்கூடத் தெரியாது. சர்பத் கொடுக்கிறார், பழம் கொடுக்கிறார், வேலை செய்தால் சலிப்பும் கெட்ட பழக்கமும் வறுமையும் அண்டாது என்கிறார். காந்தீத் போய்த் தோட்டம் போடுகிறான்.

மில்டனின் சுல்தான் நரகத்துக்கு ராஜா. வோல்த்தேரின் சுல்தான் எலிகளை மறந்த கடவுள். ஒரு நூற்றாண்டுக்குள் நல்ல பதவி உயர்வு.

அப்புறம் காகம் அவர்களே, உங்கள் நாற்காலிக்குள் யூசுஃப் அத்தில்கானை எப்படி உட்காரவைப்பீர்கள்? 'தாயக விடுதி', 1973. சின்ன ஊர், ரயில் நிலையம் பக்கத்தில் விடுதி, அதை நடத்துகிற செபெர்ஜெத். தாமதமாக வந்த அங்காரா ரயிலில் இறங்கி ஓர் இரவு தங்கிப்போன ஒரு பெண் திரும்ப வருவாள் என்று காத்திருக்கிறான். அவள் வரவில்லை. விடுதியில் வேலை செய்யும் பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பின்னால் தூக்கில் தொங்குகிறான். நிலமில்லை, அகா இல்லை, சித்தாந்தம் இல்லை, சாத்தானும் ஊதவில்லை.

#13 மழைக்காகம்

செபெர்ஜெத் என் கோட்பாட்டைக் கொஞ்சம் ஆட்டத்தான் செய்கிறான். ஆனால் கொல்லப்பட்டவள் யார் என்று பாருங்கள். அவளுக்கு நாவலில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது, தூக்கத்திலேயே அவளைப் பயன்படுத்திக்கொள்ள அவனுக்கு வழக்கப்பட்ட உரிமை இருக்கிறது, செத்த பிறகு தேடி வரவும் ஆள் குறைவு. பரம்பரையாகக் கைமாறிய அந்த மாளிகை விடுதியில் செபெர்ஜெத்தான் கடைசி அகா. மிகச் சின்ன அகா.

இதைவிட எனக்குச் சிக்கல் தருகிறவன் தன்பினாரின் 'ஹுஸூர்' (1949) நாவலில் வரும் சுவாத். நல்ல குணமுள்ள மும்தாஸும் நூரானும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற நேரம் பார்த்து, மும்தாஸின் வீட்டுக்கே வந்து, பீத்தோவன் இசை ஓடிக்கொண்டிருக்கத் தூக்கில் தொங்குகிறான், அவர்கள் சேரவே முடியாதபடி. துருக்கி விமர்சகர்களே இவனைத் தஸ்தயேவ்ஸ்கியிடமிருந்து கடன் வாங்கிய ஆள் என்றார்கள். நாவலுக்குள்ளேயே சுவாத் புத்தகத்திலிருந்து இறங்கி வந்த மாதிரிதான் நடந்துகொள்கிறான். உள்ளுக்குள் ஆழமான தீமை வேண்டும் என்றால் இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

#14 கோதை

இறக்குமதியா! தெபெகோஸை மறந்துவிட்டீர்களே சார். பழைய துருக்கியக் கதைத்தொகுப்பான தெதெ கோர்குத் கதைகளில் வருகிற ஒற்றைக்கண் ராட்சசன். 1815இலேயே டீட்ஸ் என்ற ஜெர்மானியர் டிரெஸ்டன் சுவடியிலிருந்து அவனை எடுத்துப் போட்டு, ஹோமரின் ஒற்றைக்கண்ணனோடு ஒப்பிட்டார். குகை, சூடேற்றிய கம்பி, கண்ணைக் குத்துவது, ஆட்டுத்தோலில் ஒளிந்து தப்புவது எல்லாம் ஒடிஸியில் உள்ளதுபோலவே.

ஒப்பிட முடியாத இடம் பிறப்பு. ஹோமரின் ராட்சசன் கடல்தெய்வத்தின் மகன், எங்கோ தூரத்துத் தீவில் இருக்கிறான், ஒடிஸியஸ்தான் அவன் வீட்டுக்குள் அழையாமல் நுழைகிறான். தெபெகோஸ் ஓகுஸ் மக்களின் (பழைய துருக்கிய இனக்குழு) சொந்தப் பிள்ளை. அவர்களுடைய ஆட்டு இடையன் ஒருவன் ஊற்றங்கரையில் ஒரு தேவதைப் பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான். உங்கள் இனத்துக்கே அழிவைத் தேடிக்கொண்டாய் என்று அவள் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்தப் பிள்ளையை அரூஸ் என்ற தலைவர் எடுத்து வந்து தன் மகன் பஸாத்தோடு வீட்டில் வளர்க்கிறார். விளையாடும் பிள்ளைகளின் மூக்கையும் காதையும் தின்கிறான். அடித்து விரட்டுகிறார்கள். மலையில் போய் உட்கார்ந்து ஒரு நாளைக்கு அறுபது ஆள் கேட்கிறான். ஊர்ப் பெரியவர் தெதெ கோர்குத் பேரம் பேசி இரண்டு ஆள், ஐந்நூறு ஆடு என்று முடிக்கிறார். சமைத்துப்போட இரண்டு கிழவர்களையும் கூட அனுப்புகிறார்கள்.

கண் போன பிறகு எதிரே நிற்பவன் பஸாத் என்று தெரிந்ததும் தெபெகோஸ், நாம் அண்ணன் தம்பி அல்லவா, விட்டுவிடு என்று கேட்கிறான். பஸாத் விடவில்லை, தலையை வெட்டுகிறான். ஆனால் கதை அந்த வேண்டுகோளை மறைக்காமல் வைத்திருக்கிறது. எங்கிருந்தும் இறக்குமதி செய்யாமல் இவ்வளவு இருக்கிறது அங்கே.

#15 நள்ளிரவுக் காட்சி

நாளைக்கு இரண்டு ஆள், ஐந்நூறு ஆடு. அப்தி அகா வாங்கிய பங்கைவிட இது மோசமா, பரவாயில்லையா என்று யாராவது கணக்குப் போடுங்கள்.

#16 சோம்பல் வாசகர்

'இன்ஜே மெமெத்' முதல் பாகத்தின் கடைசியை இப்போது திரும்பப் படித்தேன். பொதுமன்னிப்பு வந்துவிட்டது, மெமெத் துப்பாக்கியைக் கீழே வைக்கலாம், வீடும் நிலமும் கொடுக்க ஊர் தயார். அவனைத் தடுப்பது ஹூரூ கிழவி. அப்தி டவுனில் பாஷா மாதிரி உட்கார்ந்திருக்கிறான், நீ பெண்பிள்ளை நெஞ்சோடு சரணடையப் போகிறாயா என்று ஊர் நடுவில் வைத்து அசிங்கப்படுத்துகிறாள். அவன் குதிரையைத் திருப்புகிறான். கொன்றுவிட்டு வந்து, ஹூரூ அம்மா, ஆச்சு, பாக்கி ஏதும் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

காதில் ஊதுகிறவன் சாத்தான் என்றால், பிறை, இந்தக் கிழவி யார்?

#17 காத்தான்குடிப் பிறை

ஊதுகிறவன் ஒளிந்திருந்து ஊதுவான், ஐயா. ஹூரூ ஊர் முழுக்கப் பார்க்க நடுத்தெருவில் நின்று கத்துகிறாள். நான் அவள் பக்கம்தான். ஹம்சா வருவான் என்று அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

#18 மழைக்காகம்

தெரிந்திருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள். இரண்டாம் பாகத்திலும் அவள் இருக்கிறாள், பிறை. படித்துவிட்டு வாருங்கள், அங்கே வைத்து அடுத்த சண்டை போடலாம்.